ஆலை இருக்கிற ஊரில் இலுப்பைப்பூ எதற்கு?

(ஆசிரியர் நாளையொட்டி ஒரு பேரூராட்சிச் சமுதாயக் கூடத்தில், பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களே, ஆய்வுக்கூட்டம் ஒன்றை முடித்துக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பெருமக்களே, கூலி வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வந்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிகளே, தாய்மார்களே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம். கூடத்துக்கு வாடகை வேண்டாம் என்று சொன்ன நிர்வாகத்தாருக்கு நன்றி. சால்வைக்குப் பதிலாக நாற்பது பக்க நோட்டு ஐம்பது கொடுத்தீர்கள். அவை நாளைக்கே பள்ளிக்குப் போகும். மேடையில் யார் பெயரையாவது விட்டிருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். ஒலிபெருக்கித் தம்பி, கொஞ்சம் எதிரொலிக்கிறது, குறைத்துவிடு.

எனக்குத் தந்த தலைப்பு, ‘ஆசிரியர்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள், பள்ளிகளில் ஏன் ஆள் இல்லை’ என்பது. ஐந்து காரணம் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன்: ஊதியம், ஓய்வூதியம், தகுதித் தேர்வு, மாறுதல், எழுத்து வேலை. ஐந்தையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

முதலில் தலைப்பையே கொஞ்சம் திருத்த வேண்டும். தமிழ்நாட்டில் வேலையை விட்டு நிஜமாகவே போகிறவர்கள் அதிகம் இருப்பது தனியார் பள்ளியில். பி.எட். முடித்த பெண், துணிக்கடையில் கொடுக்கிற சம்பளத்தை ஒட்டிய சம்பளத்துக்குச் சேர்கிறார். சில இடங்களில் மூலச் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறது. பாதி ஆண்டில் விலகினால் அவை திரும்பி வராது என்பதால் ஏப்ரல் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, மே மாதத்தில் போய்விடுகிறார். ஜூனில் பிள்ளைகளுக்குப் புது டீச்சர். இது ஆண்டுதோறும் நடக்கிறது.

அரசுப் பள்ளிக் கதை வேறு. அங்கே ராஜினாமா செய்கிறவர் குறைவு. இடம் காலியாவது ஓய்வினால். காலியாகவே கிடப்பது நிரப்பாததினால். ஓய்வு என்பது திடீரென்று வருகிற காய்ச்சலா? ஒருவர் எப்போது ஓய்வுபெறுவார் என்பதைச் சொல்லும் பிறந்த தேதி, அவர் வேலையில் சேர்ந்த அன்றே பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதியாகிவிட்டது. முப்பது ஆண்டுக்கு முன்பே தெரிந்த காலியிடம் அது. ஆனாலும், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2024-ல்தான் 1,768 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அந்தப் பத்தாண்டில் தகுதித் தேர்வில் தேறிவிட்டுக் காத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பலர் மளிகைக் கடைக் கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்த தம்பி தங்கைகள் ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் சேரவில்லை. வரும் வழியிலேயே திரும்பிப் போன இவர்களை எந்தக் கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 26-ஆம் பிரிவு, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலி இருக்கக் கூடாது என்கிறது. சரி, காலியை எப்படி மூடுகிறோம்? நம் பாட்டிமார் சொன்னதுதான்: ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். அது 12,500 ஆகும் என்ற அறிவிப்பு வந்தபோது ஆண்டு 2023. விடுமுறை என்று தராமல் விட்ட மே மாதச் சம்பளம் கேட்டே ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்கள் 13,331 பேர்: இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. இலுப்பைப்பூவைக் குறை சொல்லவில்லை. அவர்கள் பாடம் நடத்தவில்லை என்றால் பல பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கே நடந்திருக்காது. ஆனால் அந்தச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர் வேறு வேலை கிடைத்த நாளில் போவார். அவரைக் கோபித்துக்கொள்ள நமக்கு முகம் ஏது?

நிரந்தரமாக இருப்பவர்களுக்குள்ளும் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு, முந்தைய நாள் வரை சேர்ந்தவரைவிட அடிப்படை ஊதியத்தில் 3,170 ரூபாய் குறைவாக நிர்ணயம் ஆனது. அடிப்படையில் குறைந்தால் அகவிலைப்படியும் குறையும், ஆண்டு ஊதிய உயர்வும் குறையும். பள்ளம் வருஷத்துக்கு வருஷம் ஆழமாகும். ஒரே வகுப்பறைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சம்பளம், அந்தப் பக்கம் ஒரு சம்பளம். ஊதியம் முடிந்தது. ஓய்வூதியத்தைப் பிறகு பேசுகிறேன்.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக் கதை. ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஒன்றியத்துக்குப் போனாலும் இந்தப் பள்ளி இருக்கும். அதன் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். தொடக்கப் பள்ளி, ஐந்து வகுப்பு, 43 பிள்ளைகள். அறுபது பிள்ளை வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பது சட்டம். ஆகவே இங்கே பற்றாக்குறை என்று ஒரு பதிவும் இருக்காது. ஒருவர் தலைமையாசிரியர், இன்னொருவர் டீச்சர்.

காலை உணவு ஆயிற்று. உப்புமா. யார் சாப்பிட்டார், எத்தனை பேர் என்று பார்த்தாயிற்று. வருகைப்பதிவை செயலியில் போட வேண்டும். சிக்னல் எங்கே கிடைக்கும்? புங்க மரத்தடியில். அதிலும் கிழக்குப் பக்கம். போட்டாயிற்று. தலைமையாசிரியருக்கு வட்டார அலுவலகத்தில் கூட்டம். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டீச்சர் ஒருவர், அறை இரண்டு, வகுப்பு ஐந்து. ஒன்று இரண்டு மூன்றில் பிள்ளைகளை எண்ணும் எழுத்தும் முறையில், கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்காரவைத்து, அட்டைகளைக் கொடுத்துவிட்டு, நாலாம் வகுப்புக்குக் கழித்தல் எழுதுகிறார். 52-ல் 27. ‘இரண்டில் ஏழு போகுமா?’ ‘போகாது டீச்சர்!’ ‘அப்போ பக்கத்து வீட்டில் என்ன பண்ணணும்?’ ‘கடன் வாங்கணும் டீச்சர்!’ கைபேசி அடிக்கிறது. வட்டார அலுவலகம்.

‘டீச்சர், காலணி அளவு இன்னும் ஏறவில்லை. பதினொன்றரைக்குள் வேண்டும். உங்கள் பள்ளி ஒன்றுதான் பாக்கி.’ எல்லாப் பள்ளிக்கும் இதே வாக்கியம்தான் போகும், அது வேறு. கடன் வாங்கப் போன பத்து பலகையிலேயே நிற்கிறது. டீச்சர் அடிக்கோலை எடுத்துக்கொண்டு 43 பிள்ளைகளின் காலை அளக்க உட்கார்கிறார். ஒரு பையன் காலைத் தரமாட்டேன் என்கிறான், கூச்சம். ஒரு பெண் வரவில்லை. அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். அவளுக்கு எந்த அளவைப் போடுவது? காலியாக விட்டால் செயலி அடுத்த பக்கத்துக்குப் போகாது. அளவு எடுத்தாயிற்று; மரத்தடிக்குப் போனால் சர்வர் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அதற்குள் ஓர் அம்மா வந்து நிற்கிறார். பிள்ளையின் ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் முன்னால். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாமல் மாணவர் அடையாள எண் உருவாகாது. இ-சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும், எதைத் திருத்த வேண்டும் என்று சீட்டில் எழுதித் தர வேண்டும். அந்த அம்மாவுக்கு அன்றைய கூலி போயிற்று.

மதியம். 31 முதல் 100 பிள்ளை வரையுள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் ஒரு குழாயை மாற்ற வேண்டும் என்றால் மேலாண்மைக் குழுத் தீர்மானம், விலைப்புள்ளி, இணையத்தில் ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் ஒப்புதல் தர, அச்சிட்ட தாளை வங்கியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தாள் காலாவதி ஆனால் திரும்ப முதலிலிருந்து. குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

மாலை நான்கு மணிக்கு டீச்சர் நாலாம் வகுப்புக்குள் வருகிறார். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து கேட்கிறாள்: ‘டீச்சர், கடன் வாங்கின அந்தப் பத்து?’ மணி அடித்துவிட்டது. (சிரிப்பு)

சிரிப்பது இருக்கட்டும், கதை முடியவில்லை. சில மாதம் கழித்துக் காலணி வருகிறது. அதற்குள் பிள்ளைக்குக் கால் வளர்ந்துவிட்டது. உடனே இன்னொரு படிவம்: ‘வழங்கப்பட்ட காலணி பொருந்தியதா? ஆம், இல்லை.’

இப்போது கணக்கைப் போடுங்கள். ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஆண்டில் குறைந்தது 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. நாளுக்கு நான்கு மணி. பதிவேட்டுக்கும் செயலிக்கும் தினம் ஒரு மணி போனால் ஆண்டுக்கு 200 மணி. கால் பங்கு! நான்கு பள்ளிக்கு ஒரு பள்ளி பூட்டிக் கிடப்பதற்குச் சமம். இந்தக் காலியிடம் எந்தப் பட்டியலிலும் வராது, ஏனென்றால் ஆள் இருக்கிறார், கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

அந்தப் பழமொழிக்குத் திரும்ப வருகிறேன். ஆலை இல்லாத ஊருக்குத்தானே இலுப்பைப்பூ? நம் ஊரில் ஆலை இருக்கிறது. கரும்பு பிழியத் தெரிந்த ஆளை ரசீது எழுத உட்காரவைத்துவிட்டு, சர்க்கரை இல்லையே என்று இலுப்பைப்பூ பொறுக்கப் போயிருக்கிறோம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்றைத் தவிரக் கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது. அந்தப் பட்டியலில் காலணி அளவு இல்லை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்காக ஆசிரியர்கள் பலர் வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் படிவக் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அது தேர்தல் பணி, சரி. அந்த வாரங்களில் ஈராசிரியர் பள்ளியில் மாற்று ஆள் யார் என்ற கேள்விக்கு மட்டும் படிவம் இல்லை.

ஆகவே இந்த மேடையிலிருந்து கேட்பது ஒன்று: தொடக்கப் பள்ளிக்கு எழுத்தர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இளநிலை உதவியாளர் பணியிடம் இருக்கிறது. தொடக்கப் பள்ளிக்கு அப்படி ஒரு பணியிடமே கிடையாது. பள்ளிக்கு ஒருவர் என்று கேட்டால் செலவு என்பார்கள். சரி, அருகருகே உள்ள ஐந்து பள்ளிக்கு ஒருவர் போதும். திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் ஒரு பள்ளி, இப்படி வாரம் ஐந்து நாள். சேர்க்கை நீக்கல் பதிவேடு, விலையில்லாப் பொருள் வழங்கல் பதிவேடு, இருப்புப் பதிவேடு, ஆதார்த் திருத்தம், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு, மானியக் கணக்கு எல்லாம் அவர் கையில். தினசரி வருகை மட்டும் ஆசிரியரிடமே இருக்கட்டும். யார் வரவில்லை என்று தெரிந்துகொள்வதும் பாடத்தைச் சேர்ந்ததுதான்.

இதில் கெட்டுப்போகிற இடம் மூன்று. எழுத்தரின் இருக்கை வட்டார அலுவலகத்தில் போடப்பட்டால் அவர் அந்த அலுவலகத்துக்காரர் ஆகிவிடுவார், பள்ளி அவரைப் பார்க்காது. அலுவலர் ஐயா கோபிக்கக் கூடாது, உங்கள் அலுவலகத்திலும் ஆள் குறைவு என்று தெரிந்துதான் சொல்கிறேன். இரண்டாவது, தலைமையாசிரியரின் கடவுச்சொல்லை எழுத்தருக்குக் கொடுத்து வேலை வாங்கினால், தவறு நேர்ந்த அன்று 17(அ) என்ற ஒழுங்கு நடவடிக்கைக் குற்றக்குறிப்பு வருவது தலைமையாசிரியருக்கு. எழுத்தருக்குத் தனி நுழைவு வேண்டும், யார் எதைப் பதிந்தார் என்பது தெரிய வேண்டும். மூன்றாவது, ஒருமுறை பதிந்த விவரத்தை மறுபடி வாட்ஸ்அப்பிலும் எக்செல்லிலும் கேட்பதை நிறுத்த ஆணை வேண்டும். இல்லையென்றால் எழுத்தர் வந்தாலும் அவருக்கே ஓர் எழுத்தர் தேவைப்படும்.

தகுதித் தேர்வு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கிற பணியிலுள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் அந்தத் தேர்வில் தேற வேண்டும் என்றது. ஐந்தாண்டுக்குள் இருப்பவர் தேறாமலே தொடரலாம், ஆனால் தேறாமல் பதவி உயர்வு இல்லை. இருபத்தைந்து ஆண்டு பாடம் நடத்தியவர் 150 மதிப்பெண் தாளுக்கு வழிகாட்டிப் புத்தகம் வாங்குகிறார். சிலர் விருப்ப ஓய்வுக்கு மூன்று மாத முன்னறிவிப்பை எழுதிப் பார்க்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும் என்றால் எப்போது படிப்பார்? செயலியை மூடிய பிறகா? அதற்கும் எழுத்தர்தான் வேண்டும்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். ஓய்வூதியமும் மாறுதலும் நிற்கின்றன. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களின் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்கான பத்து விழுக்காட்டுப் பிடித்தத்தைப் பற்றிப் பேச ஒரு மாலை வேண்டும். பதவி உயர்வுக்கான ஒன்றிய முன்னுரிமையை மாநில முன்னுரிமையாக்கிய அரசாணை 243-ஐத் தொட்டால் இங்கேயே விடிந்துவிடும். அவற்றை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கத் தலைவர் அனுமதிக்க வேண்டும்.

கோரிக்கைத் தாள் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. பெற்றோர் பெயர், பிள்ளையின் வகுப்பு, கையெழுத்து, அவ்வளவுதான். கைபேசி எண், ஆதார் எண் எதுவும் வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மை இருக்கிறது. ஒரு தாளுக்கு இருபது பேர். மேலாண்மைக் குழுத் தலைவிகள் ஆளுக்கு இரண்டு தாள் எடுத்துப் போய், அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவும் எழுதிக் கொண்டுவாருங்கள். தீர்மானப் பதிவேட்டை நிரப்புகிற வேலையை மட்டும் டீச்சரிடம் கொடுத்துவிடாதீர்கள்.