பால்மரமும் ஆய்வுக்கூடக் குறிப்பேடும்

வணக்கம் நேயர்களே. நம் சிங்கப்பூர் ஆய்வுக்கூடங்களை வெளிநாட்டுத் தலையீட்டிலிருந்து காப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். 30 வருடம் ஆய்வுக்கூடத்தில் காலம் தள்ளியவன் என்பதால் இருக்கலாம். நான் பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், தொடங்குகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் "ஆரம்பிச்சுட்டாருய்யா" என்று சொல்வது இங்கேயே கேட்கிறது.

என் தாத்தா ஜொகூரில் பால்மரம் வெட்டியவர். கேட்டுக்கொண்டிருக்கும் பலர் வீட்டிலும் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்திருப்பார். அந்த மரம் இந்த மண்ணில் பிறந்ததல்ல. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டனின் கியூ தோட்டத்தில் சேர்த்தார். பூட்டை உடைக்கவில்லை, யாரையும் மிரட்டவில்லை. மகாராணியின் தோட்டத்துக்குப் போகிற செடி வகைகள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாராம். மறு வருடம், அந்த விதைகளில் முளைத்த கன்றுகளில் 22 சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன.

இனிமேல்தான் விஷயம். கன்று வந்தும் பல வருடங்களுக்கு இங்கே யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தோட்டக்காரர்களுக்குக் கோப்பிதான் பெரிது. தவிர, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் வழியும் தெரியவில்லை. பிரேசிலில் சின்னக் கோடரியால் கொத்தித்தான் எடுப்பார்கள். 1888இல் நம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாளராக வந்த ஹென்றி ரிட்லிதான், பட்டையைச் சாய்வாக மெல்லச் சீவி, அடுத்த முறையும் அதே விளிம்பில் சீவினால், மரம் சாகாமல் வருடக்கணக்கில் பால் தரும் என்று கண்டுபிடித்தார். விதைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதிர்ப்படும் தோட்டக்காரர்களிடம் எல்லாம் நடச் சொல்லிக் கொடுப்பார். "பைத்தியக்கார ரிட்லி" என்றே பெயர்! 1910களில் நம் பக்கத்துத் தோட்ட ரப்பர் பிரேசிலின் காட்டு ரப்பரை முந்திவிட்டது. அங்கே வியாபாரம் படுத்துவிட்டது.

தாத்தா எனக்கு அந்த வெட்டைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். உளிக்குப் பதில் ஒரு கரண்டிக் காம்பு, மரத்துக்குப் பதில் மேசைக்கால். "ஆழமாப் போனா மரம் கெட்டுரும், மேலாப் போனா மங்கு நிறையாது." மங்கு என்றால் பால் வடியும் கிண்ணம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தாள் கனம்தான் இருக்கும். அதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, கைக்குத்தான் தெரியும்.

ஆய்வுக்கூடத்திலும் இதேதான். வெளிவந்த ஆய்வுக் கட்டுரை விதை மாதிரி. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், அறிவியல் அப்படித்தான் வளர்கிறது. ஆனால் அந்த வெட்டு, அந்தக் கைப்பக்குவம், எங்கே இருக்கிறது? எந்த வெப்பத்தில் கெட்டுப்போனது, எந்த ரசாயனம் ஒத்துவரவில்லை, எத்தனை முறை தோற்று எதை மாற்றினோம் என்று கிறுக்கி வைத்த குறிப்பேட்டில் இருக்கிறது. தோல்விக் கணக்கு கைக்குக் கிடைத்தால் அடுத்தவனுக்கு இரண்டு மூன்று வருட உழைப்பு மிச்சம்.

அதைத் திருட நினைப்பவர்கள் கணினி வழியாகவும் வருகிறார்கள். 2017இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டின் கணினிக் கட்டமைப்பிலும் ஊடுருவினார்கள். அரசாங்கம், ஆராய்ச்சி தொடர்பான தகவல்தான் குறி என்று அப்போது சொல்லப்பட்டது. 2018இல் நான்கு பல்கலைக்கழகங்களில் 52 கணக்குகள் பறிபோயின. கடவுச்சொல் கேட்டு வந்த போலிப் பக்கத்தில் நம் ஆட்களே தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு வந்தது ஒரு பணிவான கடிதம். ஏதோ ஓர் ஆலோசனை நிறுவனமாம். என் வேலையைப் புகழ்ந்துவிட்டு, இரண்டு பக்கத்தில் பொதுவான கருத்து கேட்டார்கள், சன்மானம் உண்டு என்றார்கள். எழுதினேன். பணமும் வந்தது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது, மறைப்பானேன்? இரண்டாவது கடிதத்தில் ஒரே கேள்வி: "உங்கள் முறை எந்தெந்த இடத்தில் சறுக்கியது?" இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து பாதி அடித்துவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்து, "யாருக்குங்க இவ்வளவு நீளமா எழுதுறீங்க?" என்றார். யோசித்துப் பார்த்தால் எனக்கே பதில் தெரியவில்லை. அழித்துவிட்டேன்.

அவர்கள் உண்மையான நிறுவனமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் 2020இல் சீன உளவுத்துறைக்கு வேலை பார்த்ததாக அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட சிங்கப்பூரரும் இதே பாணியில்தான் போனார். போலி ஆலோசனை நிறுவனத்தின் பெயரில் வேலை விளம்பரம் போட்டதற்கு 400க்கு மேல் சுயவிவரங்கள் வந்து குவிந்தன.

அதற்காகப் பக்கத்து மேசையில் இருக்கும் வெளிநாட்டு மாணவரைச் சந்தேகமாகப் பார்க்காதீர்கள். என் ஆய்வுக்கூடத்தில் பாதிப் பேர் வெளியூர்ப் பிள்ளைகள், அவர்கள் இல்லாமல் ஒரு வேலையும் நடந்திருக்காது. ஆளின் பாஸ்போர்ட்டைப் பார்க்காதீர்கள், வருகிற கேள்வியைப் பாருங்கள்.

சட்டம் பற்றித்தான் நிறைய எழுதி வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிடம்தான் என்று விரல் காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக. 2021இல் நிறைவேறிய வெளிநாட்டுத் தலையீட்டுச் சட்டம் பெரும்பாலும் அரசியல் தொடர்பானது. ஆய்வாளர்களுக்கு அதைவிடப் பழைய சட்டம் ஒன்று முக்கியம், 2003இல் நடைமுறைக்கு வந்தது. ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய தொழில்நுட்பத்தை, பொருளாக இல்லாமல் மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் அனுமதி வேண்டியிருக்கும். எது அந்தப் பட்டியலில் வரும் என்பதை உங்கள் ஆய்வு அலுவலகத்தில் கேளுங்கள், அனுப்புவதற்கு முன்னாலேயே கேளுங்கள். அப்புறம் மடிக்கணினியோடு வெளிநாட்டு மாநாட்டுக்குப் போவது பற்றி... இல்லை, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.