சருகின் மேல் ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம்.

தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் எங்கள் மாந்தோப்பில் ஒரு கொட்டாய் உண்டு. காய் பிடிக்கும் காலத்தில் அப்பா அங்கேதான் காவல் படுப்பார். பள்ளி விடுமுறை என்றால் நானும் போய்விடுவேன். இருட்டில் எங்கோ சருகு நொறுங்கும். நான் பதறி எழுந்து உட்காருவேன். அப்பா கண்ணைத் திறக்காமலே, "நாய்ப்பா, படு" என்பார். இன்னொரு நாள், "பன்னி. ரெண்டு மூணு இருக்கும்" என்பார். ஓர் இரவு, "மனுசன். செருப்புப் போட்டிருக்கான், அழுத்தாம வெச்சு வெச்சு வர்றான்" என்று சொல்லி டார்ச்சைத் தேடினார். யானையிடம் மட்டும் இந்தக் காது பலிக்காது என்பார். அத்தனை பெரிய உடம்பைத் தாங்கும் பாதத்துக்கு அடியில் கொழுப்பு மெத்தைபோல் இருக்கிறது. கிளை முறிந்த பிறகுதான் வந்திருப்பதே தெரியும்.

பிறகு சென்னையில் படங்களுக்கு ஒலி எஃபெக்ட்ஸ் கொடுக்கும் வேலைக்குப் போனேன். படப்பிடிப்பில் பெரும்பாலும் பேச்சுக்குத்தான் மைக் வைப்பார்கள். நடையை நாங்கள் பின்னால் ஒலிப்பதிவுக் கூடத்தில், திரையைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே நடந்து கொடுப்போம். ஹாலிவுட்டில் யுனிவர்சல் நிறுவனத்தில் இதை வளர்த்தெடுத்தவர் ஜாக் ஃபோலி. அதனால் வேலைக்கே ஃபோலி என்று பெயர். வெண்பனியில் நடக்க வேண்டுமா? மேல்நாட்டில் மக்காச்சோள மாவுப் பையை அழுத்துவார்கள். நம் மாவட்டத்துக்கு மரவள்ளி மாவு போதும். ஒரு சின்னப் பை கொண்டு வந்திருக்கிறேன், கேளுங்கள்.

(மாவுப் பையை அழுத்தும் ஒலி)

பனியே பார்க்காதவர்கூட இதைக் கேட்டால் யாரோ எதையோ மிதிக்கிறார்கள் என்பார். மாவு மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து, பிடித்துப் பிடித்து விடுகின்றன. காது அந்தப் பிடிப்பையும் விடுவதையும்தான் படிக்கிறது. எந்தப் பொருள் என்பது அதற்கு அப்புறம்.

ஓர் அடி என்பது ஒரே சத்தம் இல்லை. முதலில் குதிகால், அடுத்து முன்பாதம். சாதாரண நடையில் நொடிக்கு ஏறக்குறைய 2 அடிகள். இந்த இடைவெளிகளுக்குள்தான் அவசரமும் களைப்பும் தயக்கமும் இருக்கின்றன. 1991-இல் அமெரிக்காவில் லீ, லோகன், பாஸ்டோர் என்ற மூவர் வெறும் நடைச் சத்தத்தைக் கேட்கவைத்து, நடப்பவர் ஆணா பெண்ணா என்று கேட்டுப் பார்த்தார்கள். சத்தத்தைக் கேட்டவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே சொன்னார்கள். அப்பாவுக்கு இது செய்தியே இல்லை.

கணினியில் நடையைச் செய்வது எப்படி? ஓர் அடியைப் பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் நான்காவது அடியிலேயே காது பிடித்துவிடும். எந்த மனிதனும் ஒரே அடியை இரண்டு முறை வைப்பதில்லை. 2002-இல் பெரி குக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. அவர் நடையையும் தரையையும் பிரித்துவிட்டார். எப்போது, எவ்வளவு பலத்தோடு கால் இறங்குகிறது என்பது நடை. தரை என்பது ஜல்லியோ சருகோ தரும் ஓசை, நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மோதல்கள், எந்த ஒழுங்குமின்றி எழுந்து அடங்குவது. அதைச் சூதாட்டத்தில் காய் உருட்டுவது போல வாய்ப்புக் கணக்கால் உண்டாக்குகிறார்கள். ஒருவர் நடையை எடுத்து, வேறு தரையில் நடக்கவிடலாம்!

நம் சொந்த நடையைக் கேட்பதும் நம்மை மாற்றுகிறது. லண்டனில் அனா தஹாதூரா-ஹிமெனெஸ் குழுவினர், நடப்பவர் காதுக்கே அவருடைய காலடியைக் கூர்மையான ஒலி தூக்கலாகக் கொடுத்தார்கள். உடம்பு இலேசாகிவிட்டதாக நடந்தவர்கள் உணர்ந்தார்கள், நடையும் மாறியது. 2015-இல் வெளியான ஆய்வு இது. தளர்ந்து நடக்கும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

கணினியில் ஒரு சருகு நடை செய்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டார். "மனுசன்தான். ஆனா இவன் எங்கியும் போகலியே, ஒரே எடத்துல மிதிச்சிக்கினு இருக்கானே?"

அது உண்மை. தொலைவில் கூர்மையான ஒலி தேய்ந்து, சத்தம் மங்கலாக வரும். கிட்டே வர வர ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெளியும். நான் சருகைச் செய்திருந்தேன், வருகிற ஆளைச் செய்யவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து தொலைவைச் சேர்த்தேன். அடிகளின் பலத்தை ஏற்றி இறக்கினேன். நடுவில் ஓர் இடத்தில், எதுவுமே இல்லாமல் 3 நொடி விட்டேன்.

மறுபடி கொட்டாய்க்குப் போய், ஸ்பீக்கரை வாசலில் வைத்துப் போட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "வேலியோரமா வர்றான்" என்றார். சத்தம் நின்றது. அவர் கையை உயர்த்தி என்னை அசையவேண்டாம் என்றார்.

"நின்னுட்டான். நம்மளத்தான் பாக்குறான்."