பந்தல்காரரிடம் ஜாதகம்

நடுவர் அவர்களுக்கு வணக்கம். இரு அணிக்கும் வணக்கம். பென்னாகரத்துப் பனியில் இந்நேரம் வரைக்கும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்கு மட்டும் ஒன்றுக்கு இரண்டு வணக்கம்.

சுயேச்சை வேட்பாளரின் கொள்கையை நம் கருத்தோடு வைத்து எடை போடுவது பயனா, வீணா என்பது தலைப்பு. பயன்தான் என்று பேச ஒரு தாள் நிறைய எழுதி வந்தேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா அந்தத் தாளை மடித்துப் பையில் வைக்கச் செய்துவிட்டார். என்ன சொன்னார்? "சுயேச்சைகிட்டப் போய்க் கொள்கை கேக்கறது, கல்யாண வீட்டுக்குப் பந்தல் போட வந்தவர்கிட்ட ஜாதகம் கேக்கற மாதிரி" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பொய் சொல்வானேன், நானும் தட்டினேன்.

அக்கா, உங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் எந்தக் கட்சிச் சின்னத்தில் குத்தினீர்கள்? குத்தியிருக்கவே முடியாது. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. பூட்டு சாவியிலும் ஆட்டோவிலும் நிற்கிற அத்தனை பேரும் உங்கள் கணக்கில் பந்தல்காரர்கள்தான். அதில் ஒருவரைத்தான் மாப்பிள்ளை ஆக்கி ஐந்து வருஷம் குடித்தனம் நடத்துகிறோம். அப்போது மட்டும் "தெரு விளக்கு போடுவியா, ஏரிக் கால்வாயத் தூர் வாருவியா" என்று ராசி, நட்சத்திரம், லக்கினம் வரைக்கும் துருவித் துருவிக் கேட்கிறோமா இல்லையா? சட்டமன்றத் தேர்தல் வந்ததும் அந்த வாய்க்கு என்ன ஆச்சு?

அதோடு விட்டாரா? "பந்தல்காரர் நாளைக்கே வேற வீட்டுக்குப் போயிடுவார்" என்றார். ஜெயித்த சுயேச்சை மறுநாளே ஏதாவது கட்சியில் சேர்ந்துவிடுவாராம். சேரட்டுமே, பதவி போய்விடும்! 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. சுயேச்சையாக ஜெயித்தவர் வெளியிலிருந்து யாரை வேண்டுமானாலும் ஆதரிக்கலாம், ஆனால் கட்சியில் சேர்ந்தால் தகுதி போச்சு. கட்சிக்காரருக்காவது மூன்றில் இரண்டு பங்கு பேரோடு சேர்ந்து இணைப்பு என்று தப்பிக்க ஒரு சந்து உண்டு. சுயேச்சைக்கு அந்தச் சந்தும் இல்லை. கொறடாவும் இல்லை, அதனால் "மேலிடம் சொல்லிடுச்சு" என்று சாக்குச் சொல்ல வழியும் இல்லை. அவர் நோட்டீசில் அச்சடித்துக் கொடுத்தது ஒன்றுதான் நம் கையில் இருக்கிற பிடி. அதையும் படிக்க வேண்டாம் என்றால் வேறு எதைப் படிப்பது? அவர் வேட்டிக் கரையையா?

அக்கா அணியின் தம்பி மொடக்குறிச்சியை இழுத்தார். 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 1,033 பேர் நின்றார்கள், வாக்குச்சீட்டே புத்தகம் ஆகிவிட்டது, எல்லார் கொள்கையையும் படித்து முடிப்பதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும் என்றார். நல்ல சிரிப்பு. ஆனால் தம்பி, கூட்டமாக மனு போட்டவர்கள் விவசாயிகள். எங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று ஊருக்குக் காட்டத்தான் நின்றார்கள். ஆள்தான் ஆயிரம், சேதி ஒன்று. டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். அந்த வருஷம்தான் 250 ரூபாயாக இருந்த சட்டமன்ற டெபாசிட் 5,000 ஆனது, இப்போது 10,000. அங்கீகாரம் உள்ள கட்சிக்காரருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். இவ்வளவையும் தாண்டி வருகிற மனுஷன் ஏன் வந்தார் என்று இரண்டு நிமிஷம் கேட்டால் நாம் தேய்ந்தா போவோம்?

நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். தொடட்டும். என் பெரியம்மா கதையைச் சொல்லாமல் நான் இறங்குவதாக இல்லை.

பெரியம்மாவுக்குப் பாப்பாரப்பட்டிப் பக்கம். பிறந்ததிலிருந்து போர்த் தண்ணீர். நம் மாவட்டத்துப் போர்த் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் ஆகாது என்பார்கள். எங்கள் பெரியம்மா வாயைத் திறந்தாலே அது தாண்டியது தெரியும். பழுப்புப் பல்.

2011 தேர்தல். மிக்சி, கிரைண்டர் என்று ஊரே ஆடிய தேர்தல். முதல் வேட்பாளர் ஜீப்பில் வந்தார். தாரை தப்பட்டை, மாலை, பின்னால் முப்பது பேர். "அம்மா, உங்க பொன்னான ஓட்டு" என்றார். பெரியம்மா "ஈ" என்று பல்லைக் காட்டி, "இதுக்கு என்ன சாமி பண்ணுவ?" என்றார். தப்பட்டைச் சத்தத்தில் கேள்வி அவர் காதில் விழவில்லை, பல் மட்டும் தெரிந்தது. அவரும் பதிலுக்கு "ஈ" என்றார். "அம்மா சிரிச்சிட்டாங்க, ஓட்டு நமக்குத்தான்" என்று பின்னால் வந்தவர் எழுதிக்கொண்டார். போட்டோகிராபர் வேறு வந்திருந்தார். இரண்டு பேரும் "ஈ" என்று நிற்கிற அந்தப் படம் இன்னும் வீட்டில் இருக்கிறது.

இரண்டாவது வேட்பாளர் காதில் கேள்வி விழுந்துவிட்டது. அது இன்னும் ஆபத்து. "ஊருக்கே இலவசப் பல்செட்டு" என்றார். அதோடு, "அம்மாவுக்கு எத்தனை பல்லுன்னு எண்ணி எழுதிக்கோ" என்று ஆளையும் விட்டார். அவன் எண்ண ஆரம்பித்தான். பெரியம்மா விட்ட வசவை இந்த மேடையில் சொல்ல முடியாது.

மூன்றாவது ஆள் சுயேச்சை. டிவிஎஸ் வண்டி, ஒரு கட்டு நோட்டீஸ், தனி ஆள். அவருக்கும் "ஈ". வண்டியை நிறுத்திக் கிட்டே வந்து பார்த்தார். "இந்தப் பல்லுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாதும்மா. சின்ன வயசுல குடிச்ச தண்ணி. பிறக்கப் போற பேரப்பிள்ளைங்க பல்லுக்குப் பண்ணலாம். ஒகேனக்கல் குழாய் பதிக்கறாங்க. அது உங்க தெருவுக்கு வர்ற வரைக்கும் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கணும், நான் கேப்பேன்" என்றார். நோட்டீசில் இன்னொன்றும் போட்டிருந்தார், இலவசப் பொருள் எதுவும் கூடாது என்று. பெரியம்மாவுக்கோ கிரைண்டர் மேல் உயிர்.

ராத்திரி முழுக்க யோசித்தார். காலையில் சொன்னார்: "கிரைண்டர்ல அவனுக்கும் எனக்கும் ஆகாது. தண்ணியில ஆகும். மாவு ஆட்டவும் தண்ணிதான வேணும்?"

நடுவர் அவர்களே, எடை போடுவது என்றால் இதுதான்!

அந்த மனுஷன் டெபாசிட் இழந்தார். ஆனால் நன்றி சொல்ல அதே வண்டியில் வந்தார். "உங்க ஊர்ல பதினோரு ஓட்டும்மா" என்றார். "பத்து யாருன்னு தெரியாது சாமி, ஒண்ணு நான்" என்று சோறு போட்டு அனுப்பினார் பெரியம்மா.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தச் சுயேச்சையால் வந்ததா? இல்லை. அப்படியென்றால் இந்தக் கதைக்கும் தலைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நடுவர் என்னைப் பார்க்கிறார். இருங்கள் ஐயா. அதற்கப்புறம் பிறந்தவள் பெரியம்மாவின் பேத்தி. குழாயடியில் அவளுக்கு முதல் சொம்புத் தண்ணீர் பிடிக்கும்போது பெரியம்மா கேட்டது, "அந்த டிவிஎஸ் தம்பி நல்லா இருக்கானா?" என்றுதான். ஜெயித்தவர் பேர் அவருக்கு ஞாபகமில்லை.

அந்தப் பேத்தி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணு, எழுந்திருச்சு எல்லாருக்கும் ஒரு தடவை பல்லைக் காட்டு. வெட்கப்படாத சாமி. பார்த்தீர்களா? ம், இப்போது தட்டுங்கள் கையை!

நடுவர் அவர்களே, இனி நீங்கள் தாராளமாக மணி அடிக்கலாம். நன்றி.