வளரும் கவுன்டிக்கு இன்னொரு நீதிமன்றம்

நேயர்களுக்கு வணக்கம்.

டாலஸுக்கு வடக்கே, டெக்சஸின் காலின் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) குடியிருக்கும் நம்மவர்களிடம் ஊர் வளர்ந்த கதையைக் கேளுங்கள், மூச்சுவிடாமல் சொல்வார்கள். மாடு மேய்ந்த நிலமெல்லாம் வீடாயிற்று, இரண்டு வழிச் சாலை ஆறு வழியாயிற்று, பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி வந்தது என்பார்கள். 1990 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 2,64,036 பேர். 2020இல் 10,64,465 பேர். 30 ஆண்டில் 4 மடங்கு! ஆனால் இத்தனை பேருக்கும் நீதிமன்றம் போதுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வழக்கு என்று ஒன்று வீட்டு வாசலுக்கு வரும்வரை அந்தக் கட்டடம் நம் கண்ணில் படுவதே கிடையாது.

டெக்சஸில் 254 கவுன்டிகள். 1876ஆம் ஆண்டு அரசியல் சாசனம் ஒவ்வொரு கவுன்டிக்கும் ஒரு கவுன்டி நீதிமன்றத்தைக் கொடுத்தது. அதற்குத் தலைவர் கவுன்டி ஜட்ஜ். அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை, மாநிலச் சட்டத்தை நன்கு அறிந்தவராக இருந்தால் போதும். கவுன்டி நிர்வாகத்துக்கும் அவர்தான் தலைவர். சில ஆயிரம் விவசாயிகள் வாழ்ந்த காலத்தில் இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. மக்கள் பெருகப் பெருக, சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றி 'கவுன்டி கோர்ட் அட் லா' என்ற நீதிமன்றங்களை ஒவ்வொன்றாக உருவாக்கியது. இவற்றில் நீதிபதியாக வருபவர் வழக்கறிஞராகத்தான் இருக்க வேண்டும்.

இங்கே வருவது கொலை, கொள்ளை வழக்கு அல்ல. முதல் முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, கடையில் சில நூறு டாலர் பொருளை எடுத்தது, வீட்டுச் சண்டையில் கை ஓங்கிக் காயப்படுத்தியது, இப்படிப்பட்டவை. 'கிளாஸ் பி' குற்றத்துக்கு 180 நாள் வரை சிறை, 'கிளாஸ் ஏ' என்றால் ஓராண்டு வரை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கீழ்நிலை ஜேபி (ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்) நீதிமன்றம் தீர்ப்பளித்தால், அதன் மீதான மேல்முறையீடும் கவுன்டி நீதிமன்றத்துக்குத்தான் வரும். தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து ஜூரி அமர்ந்தால் 6 பேர். சின்ன வழக்கு என்கிறோம். சம்பந்தப்பட்டவருக்கு அது சின்னதல்ல.

ஜாமீன் கட்டப் பணமுள்ளவர் அன்றே வீட்டுக்குப் போய்விடுவார். பணமில்லாதவர் உள்ளே இருப்பார். நீதிமன்றத்தில் இடமில்லை, தேதியில்லை என்று வாய்தா தள்ளிப்போகும்போது, குற்றம் நிரூபிக்கப்படாத அந்த மனிதர் வேலையை இழக்கிறார், வாடகை பாக்கி விழுகிறது. 'குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வெளியே போகலாம்' என்ற நிலை வந்தால், செய்யாத தப்பைக்கூட ஒப்புக்கொள்ளத் தோன்றும். நெரிசலான நீதிமன்றம் செய்கிற மிகப் பெரிய அநியாயம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அடிபட்ட பெண்ணுக்கும் இதே காத்திருப்புதான். வழக்கு இழுக்க இழுக்கச் சாட்சிகளுக்கு மறதி வருகிறது, சிலர் ஊரைவிட்டே போய்விடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. விசாவில் இருப்பவர் மீது வழக்கு நிலுவையில் இருந்தால், பெற்றவர்களைப் பார்க்க ஊருக்குப் போகவே அஞ்சுவார். போனால் திரும்ப முடியுமோ முடியாதோ என்ற பயம்.

அப்படியானால் இன்னொரு நீதிமன்றத்தைத் திறந்துவிட வேண்டியதுதானே? கவுன்டி நினைத்தால் மட்டும் முடியாது. கவுன்டி ஜட்ஜும் 4 கமிஷனர்களும் அமரும் 'கமிஷனர்ஸ் கோர்ட்'டின் ஆதரவு வேண்டும். பெயரில் கோர்ட் இருந்தாலும் அது கவுன்டியின் நிர்வாகக் குழு. பணம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதன்பின் உள்ளூர்ச் சட்டமன்ற உறுப்பினர் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் மசோதா கொண்டுவர வேண்டும். டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டமோ ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் தொடங்கி 140 நாள்தான் நடக்கும். அதைத் தவறவிட்டால் பெரும்பாலும் இரண்டு ஆண்டு காத்திருப்பு. ஆகவே நெரிசல் முற்றியபின் விழித்துக்கொண்டு பயனில்லை. வீட்டு மனைகள் போடும்போதே கணக்குப் போட வேண்டிய விஷயம் இது.

சட்டம் வந்தபின் முதல் நீதிபதியைக் கமிஷனர்ஸ் கோர்ட் நியமிக்கும். பிறகு தேர்தல், நான்காண்டுப் பதவிக்காலம்.

நீதிபதி ஒருவர் வந்தால் மட்டும் நீதிமன்றம் ஓடாது. அரசு வழக்கறிஞர்கள், கிளார்க்குகள், பாதுகாவலர், மொழிபெயர்ப்பாளர் எல்லாரும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழைக்கு வாதாட வழக்கறிஞர் வேண்டும். சிறைத்தண்டனை விதிக்கும் சிறு குற்ற வழக்கிலும் வசதியற்றவருக்கு வழக்கறிஞர் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொல்லிவிட்டது. டெக்சஸில் அந்தச் செலவில் பெரும்பகுதி கவுன்டியின் தலையில்தான் விழுகிறது. அதைக் குறைத்துவிட்டு ஒரு நீதிமன்றத்தைக் கூட்டினால், ஆட்களை இன்னும் வேகமாகச் சிறைக்கு அனுப்பும் வழியைத்தான் திறந்திருப்போம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

செலவு அதிகம் என்று எதிர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் கேள்வி நியாயமானதே. சொத்துவரிதான் கவுன்டியின் முதன்மை வருமானம், அதை உயர்த்தினால் எல்லார் வீட்டிலும் உறைக்கும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நடைமுறைச் செலவுக்கான வரி வருவாயை ஆண்டுக்கு 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கவுன்டி வாக்காளரின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். ஆனால் புதிதாகக் கட்டிய வீடுகளின் வரி அந்த வரம்புக்குள் வராது. வளரும் கவுன்டிக்குப் பணம் வருவது அந்தப் புது வீடுகளிலிருந்துதான். கூட்டம் கூடிய காரணமும் அந்த வீடுகளே. அந்தப் பணத்தில் ஒரு பங்கு நீதிமன்றத்துக்குப் போவதே முறை.

எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்ற எல்லை மாறினால் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசுகிறார்கள், எனக்குப் பெருமையாக இருக்கும். கமிஷனர்ஸ் கோர்ட்டும் பொதுக்கூட்டம்தான். குடியுரிமை இல்லாதவரும் எழுந்து பேசலாம். நிலுவையில் எத்தனை வழக்கு, ஜாமீன் இல்லாமல் எத்தனை பேர் எத்தனை நாளாக உள்ளே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். குடியுரிமை பெற்றவர்கள் ஜூரி அழைப்பு வந்தால் தட்டிக்கழிக்காமல் போங்கள். வாக்குச்சீட்டில் நீதிபதிகளின் பெயர்கள் கீழே, கடைசிப் பக்கம்வரை நீளும். அதுவரை படித்து வாக்களியுங்கள்.

நன்றி, வணக்கம்.