மில்வாக்கியின் குரல்

நேயர்களுக்கு வணக்கம். பேஸ்பால் விதிகள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வானொலியைக் காதோடு வைத்துக் கிரிக்கெட் வர்ணனை கேட்டவர் என்றால் போதும், பேஸ்பால் வர்ணனையாளர் பாப் யூக்கரை உங்களுக்குப் பிடித்துவிடும்.

1934இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் பிறந்தவர். வர்ணனைக்கு வருமுன், 1962 முதல் 1967 வரை ஆறு பருவங்கள் பேஸ்பால் ஆடினார். கேட்சர், அதாவது நம் விக்கெட் கீப்பர் மாதிரி. ஆறு பருவத்திலும் சேர்த்து 14 ஹோம் ரன்தான்; ஹோம் ரன் என்றால் நம் சிக்ஸர் மாதிரி, பந்தை வெளியே அடிப்பது. பெரும்பாலும் ஆடாமல் பெஞ்சில் இருந்தார். இந்தப் பெஞ்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் திரும்ப வருகிறேன்.

அட்லாண்டா அணியில் நக்கிள்பால் பந்தைப் பிடிக்கும் வேலை அவருக்கு வந்தது. விரல் நுனியில் பிடித்து, சுழற்சியே இல்லாமல் விடுகிற பந்து அது. சுழலாத பந்தைக் காற்று இஷ்டத்துக்கு அலைக்கழிக்கும். எங்கே வந்து சேரும் என்று வீசியவருக்கே தெரியாது. அடிக்கிறவர் விட்டால் ஒரு வீச்சோடு போயிற்று. கேட்சர் விட்டால் பின்னாலேயே ஓட வேண்டும். 1967இல் அந்த அணி ஆடிய லீகிலேயே அதிகப் பந்துகளைத் தவறவிட்டவர் யூக்கர்தான். நக்கிள்பாலை எப்படிப் பிடிப்பது என்று கேட்டால், உருண்டு நிற்கும்வரை காத்திருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பார்! ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் திரும்பத் திரும்பப் போய், இப்படித்தான் நாட்டையே சிரிக்க வைத்தார்.

சரி, பெஞ்சுக்கு வருவோம். பெஞ்சில் இருப்பவருக்குப் பார்ப்பதுதான் வேலை. பந்து வீசுகிற பிட்சரின் தோள் எப்போது தளர்கிறது, பயிற்சியாளர் எப்போது எழுந்து நிற்கிறார் என்றெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு பருவம் அப்படிப் பார்த்தவர் 1971இல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணிக்காக வானொலியில் உட்கார்ந்தபோது, கேட்பவருக்கு ஆட்டம் கண்முன்னே வந்தது. அவர் நல்ல வர்ணனையாளர் ஆனதற்கு அந்தப் பெஞ்சுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பந்து உயரே போனதும் அவர் பந்தோடேயே பேசுவார்: "எழும்பு, எழும்பு, வெளியே போ... போயே போச்சு!" பந்தைப் பார்க்காதவனும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான்.

மைதானத்தின் கடைசி வரிசையில் அவருக்கு வைத்த சிலையைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் போய்விட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2023இலிருந்தே அவருக்கு நுரையீரல் புற்றுநோய். வெளியே சொல்லவில்லை. 2024 அக்டோபரில் ப்ரூவர்ஸ் தோற்று வெளியேறிய கடைசி ஆட்டம் வரை வர்ணனை செய்தார். அது அவருக்கு 54ஆவது பருவம். 2025 ஜனவரியில், 90 வயதில், காலமான பிறகுதான் குடும்பத்தார் நோயைப் பற்றிச் சொன்னார்கள். நன்றி, வணக்கம்.