டிராம் மறைக்கும் சில நொடிகள்

[காட்சி: நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், பிளான்டாஜ மிடன்லான் வீதியின் வரைபடம்]

வீதியின் ஒரு பக்கம் நாடக அரங்கு. எதிர்ப்பக்கம் குழந்தைகள் காப்பகம். நடுவில் டிராம் தண்டவாளம். இந்த மூன்றையும் மனதில் வையுங்கள். யூதக் குழந்தைகள் நாஜிகளிடமிருந்து தப்பிய கதை இங்கேதான் நடந்தது.

1942-ல் நாஜிகள் யூதர்களைப் பிடித்து இந்த அரங்கில்தான் அடைத்தார்கள். இங்கிருந்து வெஸ்டர்போர்க் முகாம். அங்கிருந்து ஆஷ்விட்ஸ் அல்லது சோபிபோர் கொலைமுகாம். அரங்கில் நெரிசல் தாங்காமல், சிறுவர்களை மட்டும் எதிரே உள்ள காப்பகத்துக்கு அனுப்பினார்கள். தப்பிக்க வழி பிறந்தது அங்கேதான்.

ஆனால் குழந்தைக்கு முன்னால் அதன் பெயர் வெளியேற வேண்டும். பட்டியலில் பெயர் இருந்து ஆள் இல்லாவிட்டால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். அரங்கை நிர்வகித்த யூதர்களான வால்டர் சுஸ்கிண்டும் ஃபீலிக்ஸ் ஹால்வெர்ஸ்டாட்டும் பதிவு அட்டைகளிலிருந்து பெயர்களை நீக்கினார்கள். அதற்குப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். மறுத்தவர்களைக் குறை சொல்லவே முடியாது. பிள்ளை யார் கைக்குப் போகிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. சம்மதித்த தாய்மார் சிலர், குழந்தை கையில் இருப்பதுபோல், துணியில் சுற்றிய பொம்மையை அணைத்தபடி முகாமுக்கு வண்டி ஏறினார்கள்.

[காட்சி: டிராம் வந்து நிற்கிறது]

காவலாளி நிற்பது அரங்கு வாசலில். டிராம் குறுக்கே வந்ததும் காப்பக வாசல் அவன் கண்ணுக்கு மறைந்துவிடும். அந்தச் சில நொடிகளில் குழந்தையோடு காப்பகத்திலிருந்து வெளியே வந்து, டிராமின் வேகத்துக்கே நடந்து தெருமுனை திரும்ப வேண்டும். இன்னொரு வழி கொல்லைப்புறம். பக்கத்தில் யோஹான் ஃபான் ஹுல்ஸ்ட் நடத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. வேலிக்கு மேலாகக் குழந்தையைக் கை மாற்றி, பையிலோ கூடையிலோ வைத்து வெளியே கொண்டுபோனார்கள்.

கருமுடிப் பிள்ளைகள் பெரும்பாலும் தெற்கே லிம்பர்க்குக்கு, பொன்முடிப் பிள்ளைகள் வடக்கே ஃபிரீஸ்லாந்துக்கு. ஊரோடு ஒத்துப்போக வேண்டுமே! புதுக் குடும்பப்பெயரோடு ஒரு காரணமும் தேவை: 1940 மே மாதக் குண்டுவீச்சில் ராட்டர்டாமில் வீடிழந்த பிள்ளை என்பார்கள்.

காரியம் கெடுவது சின்ன விஷயங்களில். மூன்று வயதுப் பிள்ளை பழைய பெயரைச் சொல்லிவிடும். யூத வழக்கப்படி விருத்தசேதனம் (ஆணுறுப்பின் முன்தோல் நீக்கம்) செய்த பையனை உடம்பே காட்டிக்கொடுக்கும். ரேஷன் கூப்பன் இல்லாத வாய்க்குச் சோறு போடுவதும் பெரும்பாடு. அண்டைவீட்டுக்காரர் சந்தேகப்பட்டால் அன்றிரவே வேறு வீடு.

இப்படித் தப்பியவர்கள் சுமார் 600 பேர். காப்பகத் தலைவி ஹென்ரியெட் பிமென்டெல் 1943 ஜூலையில் கைதாகி, செப்டம்பரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அதே மாதம் 29-ம் தேதி காப்பகமும் மூடப்பட்டது. மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஃபான் ஹுல்ஸ்ட் அங்கே போனார். எல்லோரையும் கூட்டிப்போக முடியாது. 12 பேரைக் கூட்டிவந்தார். ஏன் 13 இல்லை என்று பிற்காலத்தில் தன்னையே கேட்டுக்கொண்டார்.