அந்தக் காலத்துச் சாமான் மட்டும் ஏன் கெடவில்லை?

[காட்சி: சுங்கை சிப்புட். பழுது பார்க்கும் கடை மேசையில் திறந்து கிடக்கும் கேசட் ரேடியோ.]

ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்தப் பேராக் ஊரில், ரேடியோவைப் பழுது பார்க்கக் கொடுக்க வருகிற பெரியவர்கள் "அந்தக் காலத்துச் சாமான் மாதிரி இப்போது எங்கே வருகிறது?" என்று கேட்காமல் திரும்புவதில்லை. கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது.

மேசையில் இருப்பது 1980களில் தோட்டத்து லயத்தில் வாங்கிய பெட்டி. அதே வரிசை வீடுகளில் பாடிய மற்றப் பெட்டிகள் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டதால், பிழைத்த ஒன்றை வைத்தே அந்தக் காலம் முழுவதையும் அளக்கிறோம்.

[காட்சி: மங்கலாக எரியும் பல்பு.]

அமெரிக்காவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரியும் பல்பையும் பலர் சான்றாகக் காட்டுவார்கள். அதன் வெளிச்சம் ஏறத்தாழ 4 வாட் விளக்கின் அளவே. இழை அதிகம் சூடேறாததால் அறுவதில்லை. அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் வீட்டுப் பாடம் எழுத முடியாது! ஆனால் 1924இல் பெரிய பல்பு நிறுவனங்கள் ஜெனிவாவில் கூடி, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்தில் நிறுத்தவும், அதை மீறும் நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கவும் ஒப்பந்தம் செய்ததும் உண்மையே. ஆகவே சந்தேகப்படுகிற தாத்தாவைக் கேலி செய்ய வேண்டாம்.

[காட்சி: திருகாணிகளைக் கழற்றும் கை.]

உண்மையான வேறுபாடு பெட்டியின் முதுகில் இருக்கிறது. திருகாணிகளைக் கழற்றினால் பாகங்கள் தனித்தனியாக வருகின்றன. பாட்டு இழுவையாக ஓடினால், பெரும்பாலும் தளர்ந்துபோன பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதும். இன்றைய சிறிய ஸ்பீக்கர்கள் பலவற்றைப் பசை போட்டு ஒட்டியிருப்பதால், பேட்டரி போனால் உறையை உடைக்காமல் அதை வெளியே எடுக்க முடிவதில்லை. இந்த ஒரு குறையில் நான் பெரியவர்கள் பக்கம்.

பாட்டுக்கு வருவோம். வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே நகரும் கேசட் நாடாவில் இரைச்சல் உண்டு. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். ஆனாலும் 1990களுக்குப் பிறகு வந்த பல பதிவுகளில், பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சிற்றொலியையும் பேரொலியையும் ஒரே மட்டத்துக்கு அழுத்திவிட்டார்கள். அதனால் மெல்லத் தொடங்கி எழ வேண்டிய வயலின், தொடக்கத்திலேயே உச்சத்தில் நிற்கிறது. இதற்கு மேல், பத்து முதல் முப்பது வயதுக்குள் நடந்தவையே பிற்காலத்தில் மிகுதியாக நினைவுக்கு வரும் என்பது உளவியல் ஆய்வுகள் பலவற்றில் கண்டது.

[காட்சி: புதிய பெல்ட்டுடன் ரேடியோ பாடுகிறது.]

முதல் பாட்டு முடிந்ததும் பெரியவர் பொத்தானை அழுத்தி நாடாவை முன்னே ஓட்டுகிறார்.

"ஏன் ஐயா, பாட்டு நல்லா இல்லையா?"

"அடுத்த மூன்றையும் நான் அந்தக் காலத்திலேயே கேட்டதில்லை, தம்பி."